பேட்டரி கசிஞ்சா வினிகரா, சோடாவா? ரிமோட் கார், ட்ரோன், குழந்தைகள் ஓட்டும் ஜீப் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

லீவு முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் போன ரிமோட் கார், மாடிப்படி ஓரமாக மாதக்கணக்கில் நிற்கும் பேட்டரி ஜீப், அலமாரி மேல் தூசி படிந்த ட்ரோன். பல வீடுகளில் இதில் ஏதாவது ஒன்று இருக்கும். மறுபடியும் வெளியே எடுக்கும்போதுதான் சிக்கல் தெரியும். பேட்டரி பெட்டிக்குள் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அல்லது பேட்டரியே தலையணை மாதிரி உப்பியிருக்கும்.

உடனே என்ன செய்கிறோம்? கையில் கிடைத்த துணியால் துடைக்கிறோம், வாயால் ஊதுகிறோம், வெயிலில் காயவைக்கிறோம், "இன்னும் ஓடுதே" என்று மறுபடியும் சார்ஜில் போடுகிறோம். இவை எல்லாமே தவறு. ஒரு வகை பேட்டரி கசிவுக்குச் சரியான வைத்தியம் இன்னொரு வகைக்குப் பயன்படாது, சில நேரம் ஆபத்தாகவும் முடியும். அதனால் துடைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த பேட்டரி என்பதுதான்.

எந்த வண்டியில் எந்த பேட்டரி?

விளையாட்டு வண்டிகளில் பொதுவாக நான்கு வகை பேட்டரிகள் வருகின்றன.

1. பென்சில் செல்: சின்ன ரிமோட் கார்கள், ரிமோட் கன்ட்ரோல்களில் இருக்கும். இதிலும் இரண்டு ரகம் உண்டு. மேல் உறையில் 'ஆல்கலைன்' என்று எழுதியிருப்பது ஒன்று. 'ஹெவி டியூட்டி' என்ற பெயரிலோ, எந்தக் குறிப்பும் இல்லாமலோ விற்கும் விலை குறைந்த ஜிங்க் கார்பன் செல் இன்னொன்று.

2. நிக்கல் பேட்டரி: பழைய ரக ரிமோட் கார்களில் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாகக் கட்டிய பேக். ஒரு செல் 1.2 வோல்ட். ஆறு செல் சேர்ந்த 7.2 வோல்ட் பேக் மிகவும் பிரபலம்.

3. லெட் ஆசிட் பேட்டரி: குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் கார், ஜீப், பைக்குகளில் சீட்டுக்கு அடியில் இருக்கும் கனமான செங்கல் வடிவப் பெட்டி. பெரும்பாலும் 6 வோல்ட் அல்லது 12 வோல்ட்.

4. லித்தியம் பேட்டரி: ட்ரோன், வேகமான ஆர்.சி. கார், ஹோவர்போர்டு ஆகியவற்றில் வருவது. மெல்லிய பை மாதிரி இருந்தால் அது லித்தியம் பாலிமர். ஹாபி வட்டாரத்தில் 'லிப்போ' என்பார்கள்.

உறையில் எழுதியிருப்பதைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. எழுத்து அழிந்து போயிருந்தால் வண்டியின் கையேட்டிலோ, சார்ஜர் மேலோ விவரம் இருக்கும்.

அந்த வெள்ளைப் பொடி என்ன?

ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அமிலத்துக்கு நேர் எதிரான, வலுவான காரம். செல்லில் சார்ஜ் முழுவதும் தீர்ந்த பிறகும் அதை வண்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேரும். அழுத்தம் தாங்காமல் சீல் விட்டுக்கொடுக்கும்போது காரம் வெளியே கசியும். அது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான்.

பொடி காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரமான காரம் மிச்சம் இருக்கலாம். கையில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். தோலில் உள்ள கொழுப்பை அது கரைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அந்த வழுக்கல். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வாயால் ஊதக்கூடாது என்பது இதனால்தான்.

ஜிங்க் கார்பன் செல்லின் கதை வேறு. அதில் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே எரிபொருள். செல்லைப் பயன்படுத்தப் பயன்படுத்த அந்தச் சுவர் அரித்து மெலியும், கடைசியில் ஓட்டை விழும். கசிவது ஜிங்க் குளோரைடு போன்ற உப்புகள் கலந்த, லேசான அமிலத்தன்மை உள்ள திரவம்.

ஆகவே ஆல்கலைனுக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. நிக்கல் பேக்கில் இருப்பதும் காரம்தான் என்பதால் அதற்கும் வினிகர். ஜிங்க் கார்பன் செல்லுக்கு வினிகர் வேலைக்கு ஆகாது, தண்ணீரில் குழைத்த ஆப்ப சோடா போதும்.

எப்படிச் சுத்தம் செய்யணும்?

குழந்தைகளை அறையிலிருந்து அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி இருந்தால் நல்லது. கீழே பழைய செய்தித்தாள் விரித்து, செல்களை வெளியே எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பிளாஸ்டிக் ஸ்பூன் முனையால் மெதுவாக நெம்பலாம். ஸ்க்ரூடிரைவரால் குத்த வேண்டாம்.

பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் லேசாக நனைத்து, கசிவு உள்ள இடத்தில் மட்டும் தடவுங்கள். சின்னதாக நுரை வரும். நுரை அடங்கியதும் ஈரக் குச்சியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வினிகரை ஊற்றவே கூடாது. சர்க்யூட் போர்டுக்குள் போனால் வண்டி அதோடு முடிந்தது. தகட்டில் துரு இருந்தால் பென்சில் ரப்பராலோ மெல்லிய உப்புத் தாளாலோ தேய்த்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு புது செல் போட்டுப் பார்க்கலாம்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லையா? சோதனை செய்து பார்க்க வேண்டாம். கையுறையோடு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் இரண்டு மூன்று முறை துடைத்தாலே போதும்.

பழைய நிக்கல் பேக்கில் 'நிக்கல் காட்மியம்' என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. காட்மியம் உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நச்சு உலோகம். அதை மறுபடி பயன்படுத்த நினைக்காமல் பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

குழந்தைகள் ஓட்டும் ஜீப்பில் கசிந்தால்?

இந்தக் கனமான பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். இங்கே வினிகரைக் கொண்டுவரவே கூடாது. அமிலத்தோடு இன்னொரு அமிலம் சேர்வதால் எந்தப் பயனும் இல்லை. இதற்கு ஆப்ப சோடாதான். கசிந்த இடத்தில் சோடாவைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பொங்கும். பொங்குவது நிற்கும் வரை தூவ வேண்டும். பிறகு நிறைய தண்ணீர் விட்டுக் கழுவலாம். அமிலம் தெறித்த உடையை உடனே கழற்றிவிடுங்கள். பருத்தித் துணியில் பட்ட அமிலம் அப்போதைக்குத் தெரியாது, துவைத்து எடுக்கும்போது ஓட்டை ஓட்டையாக வரும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி இருந்தால் உலர் பிரஷ்ஷால் சுரண்ட வேண்டாம். அதில் ஈயம் கலந்திருக்கலாம். தூசியாகப் பறந்து மூச்சில் போனால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சோடா கலந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தால் அது பெரும்பாலும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆனதன் விளைவு. இரவெல்லாம் சார்ஜில் விடுவது, 6 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் சார்ஜரை மாட்டுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். அப்படிச் செய்யும்போது உள்ளே ஹைட்ரஜன் உருவாகிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு சின்னத் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.

அதனால் சார்ஜில் இருக்கும் பேட்டரி கொதிக்கிறது, உப்புகிறது என்று தெரிந்தால் கிளிப்பை முதலில் பிடுங்காதீர்கள். அந்த இடத்தில் பொறி பறக்கும். சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், பேட்டரி ஆறும் வரை தள்ளி நில்லுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்த முடியாது. மூடியை நெம்பித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் வேண்டாம். இது சீல் செய்த வகை.

லிப்போ ஏன் வீங்குது?

நான்கு வகைகளில் அதிக மரியாதை கொடுக்க வேண்டியது லித்தியம் பேட்டரிக்குத்தான். லிப்போ செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டும்போதும், அதிகச் சூட்டில் இருக்கும்போதும், விழுந்து அடிபடும்போதும் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகிறது. பை உப்புவது அதனால்தான்.

"லேசா தானே வீங்கியிருக்கு, ஊசியால குத்தி காத்தை எடுத்துட்டா சரியாயிடும்" என்று சிலர் நினைப்பதுண்டு. இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. உள்ளே நேர்மின், எதிர்மின் தகடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே. ஊசி அதைக் கிழித்தால் இரண்டும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகும். அதில் வரும் சூடு அடுத்த வேதிவினையைத் தூண்டும், அது இன்னும் சூடாக்கும். பிரிப்பான் தாளே சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் பிறகு நடப்பதை நிறுத்த முடியாது. 'தெர்மல் ரன்அவே' என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

வெளிவரும் புகையும் சாதாரணப் புகை இல்லை. எலக்ட்ரோலைட்டில் உள்ள ஃபுளோரின் கலந்த உப்பு, ஈரத்துடன் சேரும்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவைத் தரும். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாசனை வந்தால் எலக்ட்ரோலைட் கசிகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வீங்கின பேட்டரியை என்ன பண்றது?

சார்ஜ் போடாதீர்கள், பயன்படுத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், வளைக்காதீர்கள். தொட்டால் சூடில்லை, சத்தமில்லை, வாசனையில்லை என்றால் மட்டும் மெதுவாக வண்டியிலிருந்து எடுத்து, இரண்டு கம்பி முனைகளையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். உலோகப் பெட்டியில் அல்லது மண் சட்டியில் உலர்ந்த மணல் போட்டு அதற்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத, அருகில் எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் இறுக மூடக்கூடாது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அந்தப் பெட்டியே வெடிக்கும்.

உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது ஹாபிக்காரர்கள் மத்தியில் பழைய நம்பிக்கை. பல நேரம் சார்ஜ் இறங்குவதற்கு முன்பே கம்பி முனைகள் அரித்துப் போய்விடும். பேட்டரிக்குள் சக்தி அப்படியே இருக்கும், வெளியே பார்த்தால் செத்த மாதிரி தெரியும். நம்பி வீட்டுக்குள் கொண்டுவருவது ஆபத்து.

ட்ரோனோ காரோ மோதி விழுந்ததா? பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே பைக்குள் போட்டுக் காரில் ஏறாதீர்கள். உள்ளே ஏற்பட்ட கிழிசல் சற்று நேரம் கழித்தும் தீயாக மாறலாம். பேட்டரியைக் கழற்றி, வெட்டவெளியில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் வைத்துக் கவனியுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்?

'உஸ்' என்ற சத்தமோ புகையோ வந்துவிட்டால் அந்தப் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. கையிலேயே வெடிக்கும். ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101 அல்லது 112 என்ற எண்ணை அழையுங்கள்.

தீ சின்னதாக இருந்து, வெளியேற வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே அணைக்க முயலலாம். 'லித்தியம் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது' என்று பலரும் சொல்வார்கள். அது உலோக வடிவில் லித்தியம் எரியும்போது பொருந்தும் விதி. ட்ரோன், ஆர்.சி. கார்களில் இருப்பது லித்தியம் அயான் வகை. இதில் பிரச்சினையே சூடுதான் என்பதால், மின் இணைப்பைத் துண்டித்த பிறகு தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதே பலன் தரும். மணல், தீ பக்கத்தில் பரவாமல் தடுக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சூட்டைக் குறைக்காது. பவுடர் தீயணைப்பானும் சுவாலையை அடக்கும், சூட்டைக் குறைக்காது. அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு. எனவே உடனே குப்பையில் போடக்கூடாது.

உடம்பில் பட்டால் முதலுதவி என்ன?

வினிகர், சோடா இரண்டுமே பொருளுக்குத்தான், உடம்புக்கு இல்லை. தோலிலோ கண்ணிலோ பட்ட காரத்தை அமிலத்தால் சரிசெய்ய நினைத்தால் காயம்தான் அதிகமாகும்.

தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். எரிச்சலோ சிவப்போ நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனை. கண்ணைக் கசக்கக்கூடாது.

புகையைச் சுவாசித்தால் நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். அப்போதைக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. லித்தியம் பேட்டரி என்பதை மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் ஃபுளோரைடு பட்ட காயத்துக்கான சிகிச்சை சாதாரணத் தீப்புண்ணுக்கானது அல்ல.

சின்ன ரிமோட்டுகளில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

இவ்வளவு பயப்படணுமா?

தினமும் கோடிக்கணக்கான பேட்டரிகள் பிரச்சினை இல்லாமல் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் 'பொம்மைதானே' என்று விடும் விஷயமும் இல்லை. 1998 அக்டோபரில் அமெரிக்காவில், குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் 'பவர் வீல்ஸ்' வண்டிகள் சுமார் 1 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. மின் பாகங்கள் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்துதான் காரணம். 2016 ஜூலையில் 5 லட்சத்துக்கும் அதிகமான ஹோவர்போர்டுகள் அதே நாட்டில் திரும்பப் பெறப்பட்டன. அங்கே சிக்கல், அதிகம் சூடாகி வெடிக்கும் லித்தியம் பேட்டரிகள்.

நம் ஊரில் இன்னும் சில பழக்கங்கள் உண்டு. தீர்ந்துபோன பென்சில் செல்லை வெயிலில் வைத்து உயிர் கொடுப்பது அதில் ஒன்று. சூட்டில் வேதிவினை கொஞ்சம் வேகமாகி சில நிமிடம் ஓடும், அதே சூட்டில் கசிவும் சீக்கிரம் வரும். உள்ளே இருக்கும் கறுப்புக் குச்சிக்காகச் சிறுவர்கள் செல்லைக் கல்லால் உடைப்பது, குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது ஆகிய இரண்டும் நேரடி ஆபத்து.

எங்கே கொடுக்கலாம்?

லெட் ஆசிட் பேட்டரிக்குக் கவலையே இல்லை. பேட்டரிக் கடையில் புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். லித்தியம், நிக்கல் பேட்டரிகளை மின்கழிவு சேகரிப்பு மையங்களில் கொடுக்கலாம். 'பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022'-ன்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கு உண்டு. பேட்டரி மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருந்தால், வீட்டுக் குப்பையில் போடாதே என்று அர்த்தம். சேதமான லித்தியம் பேட்டரியைக் கூரியரிலோ விமானத்திலோ அனுப்பக்கூடாது. கொண்டுபோவதற்கு முன் மையத்துக்கு போன் செய்து, "வீங்கின பேட்டரி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வராமல் தடுக்க சின்ன விஷயங்கள்

• ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் பென்சில் செல்களைக் கழற்றி வையுங்கள். பழசும் புதுசும் கலந்து போடாதீர்கள்.

• லிப்போவை முழு சார்ஜிலோ, முழுவதும் தீர்ந்த நிலையிலோ வைக்க வேண்டாம். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள். பேலன்ஸ் சார்ஜரில், சரியான பேட்டரி வகையைத் தேர்வு செய்துதான் சார்ஜ் போட வேண்டும். நிக்கல் சார்ஜரில் லிப்போவை மாட்டக்கூடாது.

• கையேட்டில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 5000 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வேகம் வைக்க வேண்டாம்.

• ஆள் இல்லாத வீட்டில், தூங்கும் நேரத்தில், மெத்தை மேல், வாசல் கதவை ஒட்டி சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

• வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

• குழந்தைகள் ஜீப்பின் பேட்டரியை, பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஆனதும் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

வீங்கிய பேட்டரி இன்னும் பத்து நிமிடம் ஓடலாம்தான். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது, அல்லது அந்த ரிமோட்டைக் கையில் வைத்திருப்பது, பெரும்பாலும் ஒரு குழந்தை. சந்தேகம் வந்தால் பேட்டரியை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.